முறிந்த தண்டுவடத்தின் வரலாறு

கத்தி பட்ட விரல் சில நாளில் ஆறிவிடுகிறது. முறிந்த எலும்பு கட்டுப் போட்டால் கூடிவிடுகிறது. கையிலோ காலிலோ அறுபட்ட நரம்பும், வழி சரியாக அமைந்தால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளர்கிறது. ஆனால் முதுகெலும்பினுள்ளே சுண்டுவிரல் பருமனில் இறங்கும் தண்டுவடம் நசுங்கினால், அது மட்டும் பழையபடி கூடுவதில்லை. இது ஏன் என்று மனிதன் கேட்டுவந்த வரலாறு நெடியது.

நமக்கு இஃது அயலார் கதையன்று. நாம் வாழும் கோபர்கைரனே போன்ற இடங்களில் மாடிமேல் மாடி எழும்புகிறது. சாரத்தில் நின்று உழைப்போரும், ரயில் வாசலில் தொங்கிச் செல்வோரும் நம்மவருள் உண்டு. கணப்பொழுதில் நேரும் வீழ்ச்சி ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றிவிடும்.

ஏறக்குறைய கி.மு. 1600-இல் படியெடுக்கப்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்றில், கழுத்தெலும்பு பிசகியதால் கைகால் உணர்விழந்து சிறுநீர் தானே ஒழுகும் நிலை விவரிக்கப்பட்டிருக்கிறது. இது மருத்துவம் செய்யத்தக்கதன்று என்பதே அச்சுவடியின் தீர்ப்பு. அத்தீர்ப்பு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அசையவில்லை.

காயத்தின் இயல்பை அறிந்தால் காரணம் விளங்கும். தண்டுவடம் இருமுறை அடிபடுகிறது எனலாம். முதல் அடி, எலும்பு நழுவி நசுக்குவது. இரண்டாவது, அதன்பின் மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் தொடர்வது: இரத்தம் கசிகிறது, வீக்கம் இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது, முதல் அடியில் தப்பிய உயிரணுக்களும் மடிகின்றன. இறுதியில் அவ்விடத்தில் ஒரு வடு உண்டாகிறது.

அறுபட்ட இழைகள் சிறிது துளிர்த்துப் பின் நின்றுவிடுவதை ஸ்பெயின் தேசத்து அறிஞர் ரமோன் இ காஹால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டார். குறை இழையில் மட்டும் இல்லை, சூழலிலும் உண்டு என்பது 1981-இல் தெளிவாயிற்று. கனடாவின் மான்ட்ரியால் நகரில் டேவிட், அகுவாயோ என்ற இருவர் எலியின் கால் நரம்பை எடுத்து, மூளையின் அடிப்பகுதிக்கும் தண்டுவடத்துக்கும் இடையே பாலமாக வைத்தனர். இழைகள் அதனுள் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் வளர்ந்தன! பின்னர், நரம்பிழையைப் போர்த்தும் உறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் இருப்பதை ஸுவிட்ஸர்லாந்தின் மார்ட்டின் ஷ்வாப் குழுவினர் காட்டினர். 2018-இல் அதே நாட்டு லோசான் நகரில், தண்டுவடத்தின்மேல் மின்முனைகள் பொருத்தப்பட்ட மூவர், பயிற்சிக்குப்பின் துணைகொண்டு நடந்தனர். எனினும் முறிந்த தண்டுவடத்தை முழுதும் சீராக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

அப்படியாயின், காயமுற்றோர் பிழைத்தது எவ்வாறு? தண்டுவடம் கூடுமுன்னரே வாழ்வைக் கூட்ட முடியும் என்று கண்டவர் லுட்விக் குட்மன். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், நோயாளிகளை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்துப் புண் வராமல் காத்தார். சிறுநீர்ப்பையில் நச்சு ஏறாமல் பார்த்துக்கொண்டார். முன்னாளில் அவர்களைக் கொன்றவை பெரும்பாலும் இவ்விரண்டே.

நம் நாட்டில் இந்த வழியைத் திறந்தவருள் தலையாயவர் வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954 ஜனவரி 30 அன்று நேர்ந்த வண்டி விபத்தில் அவருடைய கால்கள் செயலிழந்தன. காயம் கழுத்துக்குக் கீழே ஆனமையால் கைகள் தப்பின. டாக்டர் பால் பிராண்ட் ஊக்குவிக்க, சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் அதற்கெனத் தனி நிலையம் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

தென்காசியை அடுத்த ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணனுக்கு 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டது, கைகளும் செயலிழந்தன. ஆயினும் 1981-இல் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று எத்தனையோ பேருக்கு ஊன்றுகோலாய் நிற்கிறது.

மும்பையில் ஹாஜி அலி அருகே மத்திய அரசின் அகில இந்திய உடலியல் மருத்துவ, மறுவாழ்வு நிலையம் 1955 முதல் இயங்கிவருகிறது. ஊரை விட்டு வந்த நம்மவர் பலர் இதனை அறியாமல், அடிபட்டவரை ஊருக்கு அனுப்பி மூலையில் கிடத்திவிடுகின்றனர். அது தகாது.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. உயரத்திலிருந்து விழுந்தவரைக் கையும் காலும் பற்றித் தூக்குவது பெருந்தவறு. நழுவிய எலும்பு தண்டுவடத்தை மேலும் நசுக்கக்கூடும். ஆபத்தான இடமன்றாயின் அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். நகர்த்தியே தீரவேண்டுமாயின், தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி நான்கைந்து பேர் சேர்ந்து பலகையில் ஏற்ற வேண்டும். முறிந்ததை ஒட்டவைக்கும் வித்தை விஞ்ஞானிகளுக்கே இன்னும் முழுதும் கைவரவில்லை. முறிந்தது மேலும் முறியாமல் காக்கும் வித்தையோ நம் எல்லோருக்கும் கைவரக்கூடியதே.