மின்னெழுச்சிக் காப்பு (ஜொகூர் வீடுகளில்)

மின்னலாலோ மின்தடத்தின் இணைப்பு மாற்றங்களாலோ சில மைக்ரோ நொடிகளுக்கு எகிறும் மின்னழுத்தத்தை நிலத்துக்குத் திருப்பி, வீட்டுக் கருவிகளைக் காக்கும் ஏற்பாடு. உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளுள் மலேசியா ஒன்று. ஜொகூரில் பருவக்காற்று மாறும் ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் பிற்பகல்களில் இடிமழை வலுக்கும். ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உயர் மின்னழுத்த ஆய்வுக்கென்றே ஒரு கழகம் உண்டு.

பெரும்பாலான காப்புக் கருவிகளின் உயிர்ப்பகுதி உலோக ஆக்சைடு வேரிஸ்டர். வழக்கமான 230 வோல்ட்டில் அது மின்சாரத்தை ஏறக்குறையக் கடத்தாது. அழுத்தம் எல்லை மீறினால் உடனே வழிவிடும். ஒவ்வொரு தாக்குதலிலும் சிறிது தேயும். காப்பு இயங்குவதைக் காட்டும் விளக்கு அணைந்த பின்னும் பல காப்புச் செருகுபலகைகள் மின்சாரம் தரும். அப்போது அவற்றில் காப்பு இல்லை, மாற்றியே ஆகவேண்டும்.

தேர்வில் முதலிடம் மின்பெட்டியில் பொருத்தும் இரண்டாம் வகைக் காப்புக்கு. கணினி, தொலைக்காட்சி அருகே செருகும் மூன்றாம் வகை அதற்குத் துணை மட்டுமே. மின்னணுக் கருவிகளுக்குக் காப்பு அழுத்தம், அதாவது எழுச்சியின்போது காப்பைக் கடந்து கருவியை எட்டும் உச்ச மின்னழுத்தம், 1.5 கிலோவோல்ட்டைத் தாண்டக்கூடாது. நல்ல நில இணைப்பு இல்லாத வீட்டில் விலையுயர்ந்த கருவியாலும் முழுப் பயன் கிடைக்காது. கசிவு மின்துண்டிப்பான் மனிதரை மின்னதிர்ச்சியிலிருந்து காப்பது, எழுச்சியைத் தடுக்காது. கண்ணாடி இழை இணையக் கம்பி எழுச்சியைக் கடத்தாவிட்டாலும் மோடத்தின் மின்செருகி கடத்தும். அருகில் விழும் மின்னலுக்கு எந்தச் செருகுபலகையும் உறுதியளிக்காது. இடி நெருங்கும் முன்பே செருகியைக் கழற்றுவதே மேல்.