உண்டியலும் முறியும்

இலங்கை மத்திய வங்கி வாராவாரம், வழக்கமாகப் புதன்கிழமைகளில், திறைசேரி உண்டியல்களை ஏலம் விடுகிறது. 91 நாள், 182 நாள், 364 நாள் என மூன்று தவணைகள். இந்த அறிவித்தலை முதன்முறை வாசிக்கும் தமிழகத்து வாசகர் ‘உண்டியல்’ என்ற சொல்லில் தடுக்கி நிற்பார். கோயிலில் பூட்டுப் போட்டு வைத்திருக்கும் காணிக்கைப் பெட்டிதான் அவருக்கு உண்டியல். அரசாங்கம் விற்கும் ஒன்றுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

விடை வணிகரின் கணக்கேட்டில் இருக்கிறது. வடநாட்டு வணிகர் ‘ஹுண்டி’ என்றது நம் நாவில் உண்டியல் ஆனது. “இந்தத் தொகையை இன்னாருக்குக் கொடுக்கவும்” என்று ஓர் ஊர் வணிகர் இன்னோர் ஊரிலுள்ள தன் ஆளுக்கு எழுதும் சீட்டு அது. கண்டவுடன் பணம் தர வேண்டியது தரிசன உண்டியல். நாள் குறித்துத் தர வேண்டியது தவணை உண்டியல். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் சென்னைக்கும் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் இடையே பணத்தை நகர்த்தியது இத்தகைய தாள்களில்தான். கொழும்பில் அவர்கள் தொழில் நடத்திய கடற்கரைத் தெரு தமிழருக்கு இன்றும் செட்டியார் தெரு. ஐரோப்பிய வங்கிகள் உள்ளூர் வியாபாரியை நேரே நம்பிக் கடன் கொடுக்காத காலத்தில், வங்கிக்கும் வியாபாரிக்கும் நடுவே நின்றவர்கள் அவர்கள். உள்ளூராருக்குக் கடன் கிடைக்காத இந்தக் குறையை 1934இல் இலங்கை வங்கி ஆணைக்குழு ஆராய்ந்தது. 1939இல் இலங்கை வங்கி பிறந்தது.

இதற்கிடையே அரசாங்கமும் தவணைச் சீட்டு எழுதச் சட்டம் செய்துகொண்டது. உள்நாட்டுத் திறைசேரி உண்டியல் கட்டளைச் சட்டம் 1923ஆம் ஆண்டுக்குரியது. ‘திறைசேரி’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். ‘ட்ரெஷரி’யின் ஒலியை ஒட்டிப் போகும் அதே வேளையில், அரசனுக்குச் செலுத்தும் ‘திறை’யையும் உள்ளே வைத்திருக்கிறது. இலங்கைத் தமிழ் ஆக்கிய கலைச்சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தவற்றுள் இது ஒன்று.

பெயருக்கு ஏற்றபடியே பொருளும் நடக்கிறது. திறைசேரி உண்டியலுக்குத் தனியாக வட்டி கிடையாது. 91 நாளில் 100 ரூபா தருவதாகச் சொல்லும் உண்டியலை இன்று 97 ரூபா 50 சதத்துக்கு வாங்கினால், இடையிலுள்ள இரண்டரை ரூபாதான் வருவாய்; ஆண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 10 வீதம். இதையே மத்திய வங்கி ‘விளைவு வீதம்’ என்கிறது. தவணை முடியுமுன் உண்டியலைக் கழிவுக்கு மாற்றும் பழைய வணிகர் கணக்கும் இதே கணக்குத்தான். தமிழ்நாட்டில் காணி விற்பனை, அரசுக் கடன் இரண்டையும் ‘பத்திரம்’ என்ற ஒரே சொல்லில் அடைக்கிறார்கள். குறுந்தவணைக்கு ஒரு சொல், நெடுந்தவணைக்கு வேறொரு சொல் என்று பிரித்த இலங்கை வழக்கே தெளிவானது என்பேன்.

அந்த நெடுந்தவணைச் சொல் ‘முறி’. தளிர், இலை, துண்டு, எழுதிய சீட்டு என்று விரியும் பழந்தமிழ்ச் சொல் அது. திறைசேரி முறிகள் 1997இல் வந்தன. அதற்கு முன் ‘ரூபாக் கடன்’ என்ற பெயரில் அரசாங்கம் தானே வட்டியை நிர்ணயித்துக் கடன் எடுத்தது. முறி வந்தபின் வட்டியை ஏலம் சொல்லத் தொடங்கியது. முறி என்ற சொல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது ஒரு கெட்ட நேரத்தில். 2015 பெப்ரவரி 27 அன்று 100 கோடி ரூபாவுக்கு என்று அறிவித்த 30 ஆண்டு முறி ஏலத்தில் 1,000 கோடி ரூபா ஏற்கப்பட்டது. ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்த அந்த விவகாரத்தால் ‘பிணைமுறி மோசடி’ தேநீர்க் கடைப் பேச்சானது.

உண்டியலுக்கு ஊரில் இன்னொரு வாழ்க்கையும் உண்டு. லண்டனிலோ டொராண்டோவிலோ ஒருவரிடம் காசு கொடுத்தால், யாழ்ப்பாணத்தில் அம்மாவின் கையில் ரூபா வந்து சேரும். வங்கி இடையில் இல்லை. இதையும் உண்டியல் என்றே சொல்கிறோம். 2021இன் பிற்பகுதியில் டொலரின் விலையை 200 ரூபாவை ஒட்டி மத்திய வங்கி இறுக்கிப் பிடித்திருந்தபோது, உண்டியல்காரர் கூடுதலாகக் கொடுத்தார். 2020இல் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம், 2022இல் வங்கிகள் வழியே ஏறத்தாழ 380 கோடி டொலர்தான் வந்தது. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஓர் உண்டியல் அரசின் கடனைச் சுமந்தது. இன்னோர் உண்டியல் டொலரை வங்கிகளுக்கு வெளியே கொண்டுபோனது. தாயின் மருந்துச் செலவுக்கு அனுப்பியவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. அந்த இரண்டு விலைகளுக்கு நடுவிலான இடைவெளியைத் திறந்து வைத்தது கொள்கை.

2022இன் அந்தப் பொருளாதார நெருக்கடியில் திறைசேரி உண்டியல்களுக்குப் போதிய ஆள் வராதபோது மத்திய வங்கியே வாங்கியது. மக்கள் இதைக் ‘காசு அச்சடிப்பது’ என்றார்கள். பொருளியல் ஆய்வுரைகளின் நீண்ட தொடர்களைவிட அது நேரான பேச்சு. 2022இல் 91 நாள் உண்டியலின் விளைவு 30 வீதத்தைத் தாண்டியது. மறு ஆண்டு செப்டம்பரில், அரசின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது, மத்திய வங்கியிடம் குவிந்திருந்த உண்டியல்களில் பெரும்பகுதி நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டது. ஊழியர் சேமலாப நிதியத்திடமிருந்த முறிகளும் 2027 முதல் 2038 வரை முதிரும் புதிய முறிகளாயின. அவற்றுக்குத் தொடக்கத்தில் 12 வீதம், பின்னர் 9 வீதம் வட்டி. கடைச் சிப்பந்தியும் தோட்டத் தொழிலாளியும் ஓய்வுக்கென்று சேர்த்த பணம் அது.

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், ஏலத்தில் அரசாங்கத்திடமிருந்து நேரே உண்டியல்களையும் முறிகளையும் வாங்குவதை வங்கிக்குத் தடைசெய்திருக்கிறது. இப்போது ஏலத்துக்கு வரும் உண்டியல்களை, ஏலத்தில் நேரே கேட்க அனுமதி பெற்ற முதனிலை வணிகர்களும் அவர்கள் வழியே வங்கிகளும் நிதியங்களும் சேமிப்பாளர்களும்தான் வாங்குகிறார்கள். 91 நாள் உண்டியலின் விளைவு வீதம் 2024 இறுதியில் ஒற்றை இலக்கத்தில் இருந்தது.