மிச்ச மெழுகின் கதை

கரண்ட் போன ராத்திரிகளில் எரிந்து தீரும் மெழுகுவர்த்தியின் அடிக்கட்டையை என்ன செய்வீர்கள்? சில வீடுகளில் அதைச் சேர்த்து வைத்து உருக்கி, காலி கண்ணாடி டம்ளரில் திரியை நிறுத்தி ஊற்றிவிடுவார்கள். இன்னும் ரெண்டு நாளைக்கு வெளிச்சம். ஆனால் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இப்படி வீட்டிலேயே மெழுகுவர்த்தி வார்த்தால் அது சட்டப்படி குற்றம்!

அங்கே 1709ல் மெழுகுவர்த்திக்கு வரி வந்தது. லைசென்ஸ் வாங்கி வரி கட்டாமல் யாரும் வீட்டில் மெழுகுவர்த்தி செய்யக்கூடாது. தேன்மெழுகு பணக்காரர்களுக்கு, சர்ச்சுக்கு. மற்றவர்களுக்கு ஆடு மாட்டுக் கொழுப்பில் செய்த வர்த்திதான். வீட்டு அடுப்பில் கொழுப்பு கிடந்தாலும் வர்த்தியைக் கடையில்தான் வாங்க வேண்டும். 1831ல் வரியை எடுக்கும் வரை இதே நிலைமை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கோரை மாதிரி ஒரு புல்லின் தோலை உரித்து, உள்ளே இருக்கும் தண்டை உருக்கிய கொழுப்பில் ஒரே ஒரு முறை முக்கி எடுத்தால் வரி கிடையாது. செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வைட் 1775ல் எழுதிய ஒரு கடிதத்தில் இதற்குக் கணக்கே போட்டிருக்கிறார். ஒரு பவுண்டு காய்ந்த புல்லில் 1600 தண்டுகளுக்கு மேல் இருக்கும். புல்லுக்கு 1 ஷில்லிங், 6 பவுண்டு கொழுப்புக்கு 2 ஷில்லிங். கால் பென்னிக்கு ஐந்தரை மணி நேர வெளிச்சம். சிக்கனமான குடும்பப் பெண்கள் பன்றி இறைச்சி வேகும் பானையில் மிதக்கும் கொழுப்பை வழித்துச் சேர்த்து, அந்த 2 ஷில்லிங்கையும் மிச்சம் பிடித்தார்களாம்.

பரம ஏழைகளோ தினமும் அரை பென்னிக்கு ஒரு மெழுகுவர்த்தி வாங்கி, காற்றடிக்கும் வீட்டில் ரெண்டு மணி நேரம் எரித்தார்கள். அதே காசுக்கு 11 மணி நேரம் கிடைத்திருக்குமே, ஏழைகளுக்குச் சிக்கனம் தெரியவில்லை என்று பாதிரியார் குறைபட்டுக்கொள்கிறார். இது கொஞ்சம் அநியாயம். பானையில் கொழுப்பு மிதக்க முதலில் இறைச்சி வேண்டாமா? 3 ஷில்லிங்கை மொத்தமாக எடுத்து வைக்க முடியாதவன் அரை பென்னிக்குத்தான் வாங்குவான். இன்றைக்கு ஷாம்பூவை சாஷேயில் வாங்குகிற மாதிரிதான்.

பெரிய வீடுகளில் அடிக்கட்டைகள் வேலைக்காரர்களின் உரிமை. சேர்த்து விற்றுக் காசாக்குவார்கள். மிச்சத்தை விட மனமில்லாதவர்கள், மெழுகுவர்த்தித் தண்டுக்குள் வைக்கும் ஒரு குட்டித் தட்டை வாங்கினார்கள். கட்டையைக் கடைசிச் சொட்டு வரை எரிக்க அது உதவும். பெயரே 'சேவ்-ஆல்'. 1755ல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில்கூட இந்தச் சொல் இருக்கிறது :-)

பிறகு காலம் மாறியது. 1834ல் ஜோசப் மார்கனின் வார்ப்பு இயந்திரம் வந்தது. லண்டனின் பிரைஸ் கம்பெனி, மெழுகுவர்த்திக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டி இலங்கையில் 1000 ஏக்கர் தென்னந்தோட்டமே போட்டது. மெழுகு மலிவாகிவிட்டதால் கட்டையைச் சேர்க்கும் அவசியம் குறைந்தது.

இங்கேதான் சாமுவேல் கிளார்க் என்ற லண்டன் வியாபாரி வருகிறார். 1880களில் அவர் கொண்டுவந்த 'ஃபேரி' விளக்கில் கீழே ஒரு கண்ணாடிக் கிண்ணம், மேலே வண்ணக் கண்ணாடி மூடி. உள்ளே ரெண்டு திரி வைத்த குட்டையான மெழுகு, 10 மணி நேரம் எரியும். தீர்ந்தால் கண்ணாடியைத் தூக்கிப்போட வேண்டாம், மெழுகு மட்டும் புதிதாக வாங்கிப் போட்டால் போதும். கண்ணாடி ஒரே ஒரு தடவை விற்கும், மெழுகு வருஷம் முழுக்க விற்கும். ஜில்லெட்டின் பிளேடு கடைக்கு வருவதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்பே இந்தக் கணக்கு!

அந்த விளக்குகளை இன்றும் பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். பலவற்றின் அடியில் கிளார்க்கின் பெயர் பதிந்திருக்கும். உள்ளே எரிவது என்னவோ வேறு யாரோ செய்த மெழுகு.