சீமை வண்டி ஊர் வண்டியான கதை: ஒரு பழைய புல்லட்டைப் பிரித்துப் பார்ப்போம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போற ரோட்டுல கண்ணுக்கு எட்டின வரைக்கும் நிக்கிறது சீமைக்கருவேல். கடல் தாண்டி வந்த செடி. ஆனா அந்த வறண்ட காட்டுல விறகும் அதுதான், கரிமூட்டமும் அதுலதான். பேர்ல மட்டும் இன்னும் 'சீமை' ஒட்டிக்கிட்டு இருக்கு. இன்னைக்கு நாம பேசப்போறது இப்படி ஊரோட கலந்துபோன இன்னொரு சீமைச் சரக்கைப் பத்தி: ராயல் என்ஃபீல்ட் புல்லட்.

பழைய பிரிட்டிஷ் பைக்கை வீட்டிலேயே ரெஸ்டோர் பண்றவங்களுக்கு ஒரு பொதுவான கவலை உண்டு. பார்ட்ஸ். ஒரு நார்ட்டனோ பி.எஸ்.ஏ.வோ கையில கிடைச்சா, ஒரு சின்ன புஷ்ஷுக்குக்கூட கடல் தாண்டித் தேட வேண்டியிருக்கும். புல்லட்டுக்கு மட்டும் அந்தத் தலைவலி ரொம்பக் குறைவு. மதுரைக்கு ஒரு நடை, இல்லைன்னா சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு நடை. பெரும்பாலும் வேலை முடிஞ்சிடும். அது ஏன் அப்படி?

இங்கிலாந்துல ரெட்டிச்னு ஒரு ஊர். அங்கே ராயல் என்ஃபீல்ட் தன் முதல் மோட்டார் சைக்கிளை 1901-ல செஞ்சது. 'புல்லட்'ங்கிற பேர் 1932-ல வந்தது. நாம இன்னைக்குப் பழைய புல்லட்னு சொல்ற உருவம், அதாவது 346 சிசி ஒற்றை சிலிண்டர், பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம், இதெல்லாம் 1940-களின் கடைசியில வந்தது. சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம ராணுவத்துக்கு இந்த வண்டி தேவைப்பட்டுச்சு. அப்போ இறக்குமதி செஞ்சு வித்துக்கிட்டு இருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ், 1955-ல ரெட்டிச் கம்பெனியோட சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவை ஆரம்பிச்சது. திருவொற்றியூர்ல ஃபேக்டரி. 1956-ல இங்கிலாந்திலிருந்து பெட்டியில வந்த பாகங்களைப் பூட்டி, அந்த வருஷ முடிவுக்குள்ள 163 வண்டி வெளியே வந்துச்சு. அடுத்ததா நடந்ததுதான் முக்கியம். பாகங்களைச் செய்யிற டூலிங்கையே ரெட்டிச் இங்கே கொடுத்துடுச்சு. 1962 வாக்கில முழு வண்டியும் இங்கேயே தயாராக ஆரம்பிச்சது.

இதுக்கு நடுவுல தாய்வீடு சாஞ்சுது. ரெட்டிச் ஃபேக்டரி 1967-ல மூடினாங்க. பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவன்ல மிச்சமிருந்த வேலையும் 1970-ல நின்னுது. திருவொற்றியூர்ல மட்டும் அதே எஞ்சின் அப்படியே ஓடிக்கிட்டு இருந்துச்சு. 1977-ல மெட்ராஸ் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாச்சு!

இதை இப்போ எல்லாரும் 'பாரம்பரியம்'னு கொண்டாடுறாங்க. எனக்கென்னவோ, பாரம்பரியத்தைவிட லைசென்ஸ் ராஜ்தான் பெரிய காரணம்னு தோணுது. போட்டி கிடையாது, இறக்குமதி கிடையாது. மாத்தணும்னு யாருக்கும் அவசரமும் கிடையாது. அந்த மெத்தனத்தாலதான் இன்னைக்கு ஒரு கொல்லைப்புறத்துல உக்காந்து 60 வருஷப் பழைய வண்டியைப் பூட்ட முடியுது.

சரி, வேலைக்கு வருவோம். கடற்கரை ஊர்கள்ல மட்கார்டு உப்புக்காத்துல பொரிஞ்சுபோயிருக்கும். அருப்புக்கோட்டைப் பக்கம் அந்த அளவுக்குத் துரு இருக்காது. பதிலுக்கு வெயில் ரப்பரையும் வயரையும் தின்னுடும். கரிசல் புழுதி எல்லா இடுக்குலயும் போய் அப்பிக்கும். கழற்றும்போது முதல்ல மாட்டுறது ஸ்பேனர். பழைய புல்லட்டுல நிறைய நட்டு பிரிட்டிஷ் விட்வொர்த் அளவு. கால் இஞ்ச்னு ஸ்பேனர்ல எழுதியிருக்கிறது நட்டோட அகலம் இல்ல, உள்ளே போற போல்ட்டோட தடிமன். அந்த நட்டுக்கு 13-ம் நம்பர் ஸ்பேனர் ஏறாது, 14 வழுக்கும். வழுக்கினா நட்டு உருண்டையாகிடும். 14-ஐ வச்சுத் தட்டித் தட்டியே நாசமான வண்டிகள்தான் அதிகம். தயவுசெஞ்சு ஒரு விட்வொர்த் செட் வாங்கிடுங்க.

அடுத்தது ஆயில். பழைய புல்லட்டுல கனெக்டிங் ராடோட பெரிய முனை ஃப்ளோட்டிங் புஷ்ல சுத்துது. அதுக்கு எப்பவும் ஆயில் படலம் வேணும். வருஷக்கணக்கா நின்ன வண்டியை ஆசையில ஒரே உதையில ஸ்டார்ட் பண்ணினா, ஆயில் போய்ச் சேர்றதுக்குள்ள புஷ் தேஞ்சிடும். பிளக்கைக் கழற்றி வச்சுட்டு, கிக்கரை மெதுவா மிதிச்சு, ஆயில் மேலே ஏறி வர்றதைக் கண்ணால பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும்.

இனிமேதான் கஷ்டமான கேள்வி. எந்த வருஷத்துக்கு ரெஸ்டோர் பண்றது? ஏலத்துல வந்த போலீஸ் வண்டியா இருந்தா, கறுப்பு பெயின்ட்டைச் சுரண்டினா உள்ளே வேற கலர் இருக்கும். 6 வோல்ட்டை யாரோ 12 ஆக்கியிருப்பாங்க. கார்புரேட்டர் மாறியிருக்கும். எல்லாத்தையும் பிடுங்கிப்போட்டு, குரோம் பூசி, ரெட்டிச்ல பிறந்த மாதிரி ஸ்டிக்கர் ஒட்டுறதுதான் இப்போ ஃபேஷன். அது எனக்கு ஒத்துக்கல. டேங்க்ல 'என்ஃபீல்ட்'னு இருக்கிற திருவொற்றியூர் வண்டியை இங்கிலாந்து வண்டியா வேஷம் போடவைக்கிறது, அதோட பிறந்த ஊரை அழிக்கிற வேலை. வலது கால் கியரை இடதுக்கு மாத்தாதீங்க. நியூட்ரலைத் தேடிக் கொடுக்கிற அந்தக் குட்டி லிவரைக் கழற்றாதீங்க. ஒயரிங்கைப் புதுசா போடுங்க, அது உயிர் விஷயம். பிரேக் லைனரும் அப்படித்தான்.

முக்கியமா, எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் மேல கிரைண்டர் படவே கூடாது. 2021-ல மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தாங்க. 50 வயசு தாண்டியிருக்கணும். சேஸிஸ்லயோ எஞ்சின்லயோ பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. புதுசாப் பதிய 20,000 ரூபாய், நம்பர்ல 'வி.ஏ.'ன்னு வரும். ஆனா அந்த நம்பரோட தினமும் கடைக்குப் போக முடியாது. ராலி, கண்காட்சி, பெட்ரோல் போடறது, ரிப்பேர் மாதிரி காரணங்களுக்குத்தான். ஆர்.சி. உயிரோட இருந்தா, அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிச்சுக்கிட்டே வர்றது நல்லது. அப்போ வண்டி வழக்கம்போல திருச்சுழி வரைக்கும் போகும், வரும்.

அடுத்த எபிசோட்ல இதே கரிசல் காட்டுப் பஸ் ரூட்டுகளைப் பத்திப் பேசுவோம்.