தனித்தியங்கும் கமரா: ஒரு வரலாற்று நோக்கு

காட்சியைப் பதிவது கமராவின் தொழில். பதிந்ததை ஆராய்வது கணனியின் தொழில். நெடுங்காலம் நிலவிய இத்தொழிற்பிரிவு தளர்ந்த வரலாற்றை 1979 முதல் 2007 வரையான மூன்று ஆய்வு முயற்சிகளைக் கொண்டு நோக்கலாம்.

பழைய நிலைக்கு அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மொரவெக் இயக்கிய வண்டி தக்க சான்றாகும். 1979 இல் அவ்வண்டி, நாற்காலிகள் நிறைந்த அறையொன்றை மனித உதவியின்றி ஏறத்தாழ ஐந்து மணித்தியாலத்தில் கடந்தது. வண்டியிலிருந்த கமரா தன் விம்பங்களை வானொலி அலைவழி வேறிடத்திலிருந்த பெருங்கணனிக்கு அனுப்பியது. கணனி வழியைத் தீர்மானிக்கும்வரை வண்டி காத்து நின்றது. ஒரு மீற்றர் நகர்வதற்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம் சென்றது. கண் ஓரிடத்திலும் மூளை பிறிதோரிடத்திலும் இருந்தமையின் விளைவு இது.

இவ்விரண்டையும் ஒன்றாக்க இயலும் என்பதை மிக எளிய பொருளொன்று காட்டியது. ஸெறொக்ஸ் நிறுவனத்தின் பலோ அல்ரோ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லயன் 1980 இல் ஒளியாலியங்கும் கணனிச் சுட்டியொன்றை வடிவமைத்தார். பதினாறு ஒளியுணரிகளும் அவற்றின் விம்பத்தை ஆராயும் சுற்றும் ஒரே சிலிக்கன் துண்டில் அமைந்திருந்தன. சுட்டி கணனிக்கு விம்பத்தை அனுப்பவில்லை. எத்திசையில் நகர்ந்தது என்ற முடிவையே அனுப்பியது.

2001 இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட 'சீ.எம்.யூ.காம்' இக்கருத்தை விரிவாக்கியது. அதன் விம்பம் 80×143 புள்ளிகளைக் கொண்டது. அதாவது 11,440 புள்ளிகள். அதனை ஆராய்ந்த நுண்கட்டுப்படுத்தியின் நினைவகமோ 136 பைற்றுகளே. ஒரு விம்பத்தையேனும் முழுமையாகச் சேமிக்க இடமில்லை. ஆகவே, ஒவ்வொரு புள்ளியும் வந்தவுடனேயே அது தேடப்படும் நிறத்தினதா எனச் சோதிக்கப்பட்டது. ஆயின், அதன் இடம் மாத்திரம் கணக்கிற் சேர்க்கப்பட்டது, புள்ளி கைவிடப்பட்டது. இவ்வாறு செக்கனுக்குப் பதினேழு விம்பங்களை ஆராய்ந்து, பொருளின் மையத்தை அக்கமரா கண்டறிந்தது. வேறு கணனியின் துணையின்றியே சிறு மோட்டரொன்றைத் திருப்பி அப்பொருளைப் பின்தொடரவும் அது வல்லதாயிருந்தது. வசதிக் குறைவே இங்கு வழியைக் காட்டியது எனலாம்.

எனினும் இச்சுதந்திரத்துக்கு ஒரு விலை இருந்தது. பின்தொடரும் வேளையில் விம்பம் எஞ்சுவதில்லை; முடிவு மாத்திரமே எஞ்சும். முடிவு தவறாயின் அதனைச் சரிபார்க்கச் சான்றில்லை. மூல ஆவணம் அழிந்து அறிக்கை மாத்திரம் கிடைக்கும் நிலை வரலாற்று மாணவர் நன்கறிந்த இடர்ப்பாடேயாகும். மேலும், எதனைக் காண்பது, எதனைக் கைவிடுவது என்பவற்றை ஆக்கியோரே செய்நிரலில் முன்கூட்டி வகுத்திருந்தனர்.

2007 இல் வெளிவந்த மூன்றாவது வடிவம் இவ்விரு குறைகளுக்கும் ஓரளவு விடை தந்தது. அதன் நினைவகம் 64 கிலோபைற்றாக உயர்ந்தது. பயன்படுத்துவோர் தம் செய்நிரலைத் தாமே எழுதிக் கமராவினுள் இயக்க முடிந்தது. அதன் மூலநிரல் யாவருக்கும் திறந்திருந்தது. விம்பங்களை நினைவட்டையிற் சேமிக்கவும் வாய்ப்பிருந்தது.

எனவே, கணனியிலிருந்து விடுபடுதல் கமராவின் சுதந்திரத்தில் முதற் படியே. அது எதனைக் கண்டு எதனைக் கைவிடுகின்றது என்பதைப் பயன்படுத்துவோர் அறியவும் மாற்றவும் இயலும்போதே அச்சுதந்திரம் மனிதர்க்கும் உரியதாகின்றது.