தாய்லாந்தில் ஒரு செமஸ்டர் படிக்கலாமா? விசா, கிரெடிட், 90 நாள் கணக்கு... கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

முழுப் பட்டத்துக்கும் வெளிநாடு போக எல்லோராலும் முடியாது. ஆனால் ஒரே ஒரு செமஸ்டர் போயிட்டு வரலாம் என்று நினைக்கும் மாணவர்களுக்கு தாய்லாந்து நல்ல வாய்ப்பு. சென்னையிலிருந்து பாங்காக்குக்கு நேரடி விமானத்தில் சுமார் மூன்றரை மணி நேரம்தான். செலவும் ஐரோப்பா, ஆஸ்திரேலியா அளவுக்கு ஆகாது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கு. அங்கே படித்த பாடத்தை இங்கே உள்ள கல்லூரி ஏற்கவில்லை என்றால், திரும்பி வந்து அதே பாடத்தை அரியராக எழுத வேண்டி வரலாம். விசாவில் கவனம் தப்பினால், பாதி செமஸ்டரிலேயே ஊர் திரும்பவும் நேரலாம். இரண்டையும் டிக்கெட் போடும் முன்பே சரிசெய்துவிட முடியும். எப்படி?

எக்ஸ்சேஞ்சா, விசிட்டிங்கா?

ஒரு செமஸ்டர் படிக்க இரண்டு வழிகள் உண்டு. இங்கே உள்ள கல்லூரிக்கும் தாய்லாந்து பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருந்தால், அது எக்ஸ்சேஞ்ச். இதில் பெரும்பாலும் சொந்தக் கல்லூரிக்கு மட்டும் கட்டணம் கட்டினால் போதும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் விசிட்டிங் மாணவராகப் போகலாம். அப்போது அங்குள்ள கட்டணத்தை முழுசா கட்டணும்.

எங்கே படிக்கலாம்?

சுலாலங்கோர்ன்: 1917-ல் தொடங்கப்பட்ட, நாட்டின் மிகப் பழமையான பல்கலைக்கழகம். பாங்காக்கின் நடுவில் இருக்கிறது.

தம்மசாட்: 1934-ல் தொடங்கப்பட்டது. சட்டம், அரசியல் படிப்புகளுக்குப் பெயர் பெற்றது. பழைய வளாகம் சாவ் பிரயா ஆற்றங்கரையில், அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மகிடோல்: மருத்துவம், அறிவியலில் முன்னணி. இதன் சர்வதேசக் கல்லூரி பாங்காக்கை ஒட்டிய சலாயா வளாகத்தில் இயங்குகிறது.

சியாங் மாய்: வடக்கு மலைப்பகுதியில், 1964-ல் தொடங்கியது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காடும் வயலும் எரியும் புகை நகரைச் சூழ்ந்துகொள்ளும். ஆஸ்துமா இருப்பவர்கள் இதையும் யோசிக்கணும்.

எங்கே போனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்தில் இருக்காது. 'இன்டர்நேஷனல் புரோகிராம்' என்று குறிப்பிட்ட பாடப்பிரிவுகளில்தான் ஆங்கில வகுப்புகள் இருக்கும்.

எந்த செமஸ்டர் சரிப்படும்?

தாய்லாந்தில் பெரும்பாலும் முதல் செமஸ்டர் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை, இரண்டாவது ஜனவரி முதல் மே வரை. நம் கல்லூரிகள் பலவற்றில் ஜூன், ஜூலையிலேயே வகுப்பு ஆரம்பிச்சிடும். ஆகஸ்டில் போனால் தொடக்கத்திலும் முடிவிலும் இடிக்கும். ஜனவரி செமஸ்டர் ஓரளவு பொருந்தும். இன்ஜினியரிங் மாணவர்கள் ஏழாவது செமஸ்டரைத் தவிர்ப்பது நல்லது. கேம்பஸ் இன்டர்வியூ சூடுபிடிப்பது அப்போதுதான்.

கிரெடிட் கணக்கு என்ன?

தாய்லாந்தில் ஒரு கிரெடிட் என்றால் செமஸ்டருக்குக் குறைந்தது 15 மணி நேர வகுப்பு. பெரும்பாலான பாடங்கள் 3 கிரெடிட். இங்கே அதே பாடத்துக்கு 4 கிரெடிட் என்றால், மீதி ஒன்றுக்கு என்ன வழி? அங்கே கிரேடு 4 புள்ளி அளவில் வரும். இங்கே 10 புள்ளி. அதை எப்படி மாற்றுவார்கள்?

இந்த இரண்டு கேள்விக்கும் கிளம்பும் முன்பே எழுத்தில் பதில் வாங்கணும். "பார்த்துக்கலாம்ப்பா" என்று துறைத்தலைவர் வாய்மொழியாகச் சொன்னால் போதாது. எந்தப் பாடத்துக்குப் பதில் எந்தப் பாடம் என்ற பட்டியலில் துறையும் தேர்வுப் பிரிவும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அங்கே போனபின் ஒரு பாடம் ரத்தாகலாம். அதனால் இரண்டு மாற்றுப் பாடங்களுக்கும் சேர்த்தே ஒப்புதல் வாங்குவது புத்திசாலித்தனம்.

விசா: 90 நாளில் முடியாத செமஸ்டர்

சுற்றுலா போவது போல விசா இல்லாமல் நுழைந்து செமஸ்டர் படிக்க முடியாது. பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதத்தை வைத்து, கல்விக்கான 'நான்-இமிக்ரன்ட் ஈடி' விசா எடுக்கணும். 2025 ஜனவரி முதல் இந்தியர்கள் இதற்கு ஆன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2025 மே முதல், விமானம் ஏறும் முன் டிஜிட்டல் வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும்.

இந்த விசாவில் நுழைந்ததும் கிடைப்பது 90 நாள். ஆனால் ஒரு செமஸ்டர் சுமார் 4 மாதம்! அதனால் நாள் முடியும் முன்பே குடிவரவு அலுவலகத்தில் நீட்டிப்பு வாங்கியாக வேண்டும். கட்டணம் 1,900 பாட். பல்கலைக்கழகக் கடிதம் தேவை. தங்கியிருக்கும் இடத்தின் உரிமையாளர், வெளிநாட்டவர் வந்ததை 24 மணி நேரத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாவிட்டால் நீட்டிப்பு இழுத்தடிக்கும்.

தவறினால்? அனுமதி முடிந்தபின் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000 பாட். 90 நாளுக்கு மேல் போனால் மறுபடி நுழையவே தடை வரும்.

வீக்கெண்ட் டூரில் ஒரு பொறி

லாவோஸ், மலேசியா என்று பக்கத்து நாடுகளுக்கு இரண்டு நாள் போய் வரலாம் என்று தோன்றும். ஒருமுறை மட்டும் நுழையும் விசா வைத்திருப்பவர் மறுநுழைவு அனுமதி வாங்காமல் எல்லை தாண்டினால், மாணவர் அனுமதி அங்கேயே காலாவதியாகிவிடும். அந்த அனுமதிக்கு 1,000 பாட் கட்டினால் ஒருமுறை, 3,800 பாட் கட்டினால் பலமுறை போய் வரலாம்.

பார்ட் டைம் வேலை பார்க்கலாமா?

முடியாது. பணி அனுமதி இல்லாமல் மாணவர் விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். அதனால் 4 மாதச் செலவு, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றுக்கும் பணத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

அங்கே போனபின்...

இளநிலை மாணவர்களுக்கு யூனிஃபார்ம் உண்டு: வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட் அல்லது பாவாடை. பல இடங்களில் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களும் அணியணும். பேராசிரியரை 'ஆஜான்' என்று அழைப்பார்கள். நம் 'ஆச்சாரியர்' என்ற சொல்லின் உறவுதான் அது. அறிவிப்புகளில் 2569 என்று ஆண்டு போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். அது பௌத்த ஆண்டு. 543-ஐக் கழித்தால் 2026.

ஊர் நினைப்பு வந்தால், சீலோம் சாலையில் 19-ம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி, ஏப்ரல் 13 முதல் 15 வரை அங்கே சோங்க்ரான் தண்ணீர்த் திருவிழா.

இரண்டு விஷயத்தில் விளையாட்டே கூடாது. அரச குடும்பத்தை அவமதித்தால் சட்டப்பிரிவு 112-ன் கீழ் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. சமூக வலைதளப் பதிவுக்கும், வெளிநாட்டவருக்கும் இது பொருந்தும். இ-சிகரெட்டுக்கும் தடை. பையில் எடுத்துப் போகவே வேண்டாம்.

திரும்பும் முன் கடைசி வேலை: மதிப்பெண் சான்றிதழை நேரடியாக சொந்தக் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, பாடத்திட்ட நகலையும் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கே கிரெடிட் ஏறும்போது அந்த இரண்டு காகிதங்களைத்தான் கேட்பார்கள்.