பாடு இல்லாதவர்களின் கேமரா

பழவேற்காட்டு ஏரியில் சுத்துவலை கட்டி இறால் பிடிக்கும் ஊர்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப்போட்டு, முறைவைத்துத் தீர்த்துக்கொள்கிறார்கள். ஏரி பொதுதான், பாடு பொதுவல்ல. அது பட்டினவர் ஊர்களின் பரம்பரை உரிமை. தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்கள் அதற்கு வெளியேதான். 'போட்டோகிராபர் தொழிலுக்கு இனி எதிர்காலம் இருக்கா?' என்று இந்தக் கரையில் நின்று கேட்டால் கேள்வியே மாறிவிடுகிறது: பார்க்கிற தொழிலில் பாடு யாருக்கு?

முதல் பாடு அரசாங்கத்துக்கு. கம்பெனிப் படை அதிகாரி லினேயஸ் டிரைப் 1850களில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரானார். கோயில்களையும் கோட்டைகளையும் எடுத்தார். செலவு அதிகம் என்று சில வருஷத்திலேயே அந்த வேலையை மூடினார்கள். 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளில் இருளரும் உண்டு, அளக்கப்படும் உடம்பாக.

அடுத்த பாடு ஸ்டூடியோக்காரருக்கு. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் படம். இருட்டறை வித்தை தெரிந்தவரிடம் தொழில் இருந்தது. 1993இல் சேஷன் வாக்காளர் அட்டையில் படம் கட்டாயம் என்றபோது, அரசே எல்லா ஊருக்கும் கேமராவை அனுப்பவேண்டி வந்தது. பிறகு ஃபிலிமே போயிற்று. 2012இல் கோடாக் திவால் மனு போட்டது. 1960இல் தொடங்கிய ஊட்டி ஃபிலிம் ஆலையை மூட 2014இல் மத்திய அரசு முடிவெடுத்தது.

இன்று எல்லார் கையிலும் கேமரா, ஜனநாயகம் என்கிறோம். கூலி எங்கே? பூநாரை எடுக்க வருபவரின் லென்ஸ் விலையில் ஒரு படகு வாங்கலாம்.

விதிவிலக்கு உண்டு. மீன் விற்ற அம்மாவின் மகன், மதுரைக்காரர் பழனிக்குமார். 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். கொசஸ்தலை ஆற்றில் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்ணைப் படமெடுத்து எழுதியவர். தர்ஸ்டனிடம் உடம்பாக இருந்தவர் இங்கே பெயரோடு, உழைப்போடு நிற்கிறார். ஆனால் இந்தப் பார்வை பிழைத்திருப்பது 'பாரி' ஆவணகத்தின் சம்பளத்தாலும் நல்கைகளாலும்தான். அப்படி எத்தனை இடம் இருக்கிறது?

நம் யோக்கியதையையும் சொல்லிவிடலாம். இயக்கமும் சிற்றிதழும் படத்தை ஓசியில்தான் வாங்குகின்றன. அட்டையில் போடுகிறோம், பெயர் போட மறக்கிறோம். ஏரிக்கரைப் பிள்ளைகளின் பெயரும் அடுத்த சீட்டில் இருக்கணும்னா, முதலில் நாம் கூலி கொடுக்கணும்.